ஞாயிற்றுக்கிழமை காட்டும் ரோடு

நேயர்களுக்கு வணக்கம்.

ஃபிளாட் வாங்க அலைந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். சைட் விசிட்டை ஞாயிற்றுக்கிழமைதான் வைப்பார்கள். காரும் அனுப்புவார்கள். தென் சென்னையில், சோழிங்கநல்லூரில் ஏறினால் பெரும்பாக்கம் வழியாக மேடவாக்கத்துக்குச் சர்ரென்று வந்துவிடலாம். "ஓஎம்ஆர் பதினைந்தே நிமிஷம் சார்" என்பார் கூட வருபவர். ஓஎம்ஆர் என்பது பழைய மாமல்லபுரம் சாலை. அவர் பொய் சொல்லவில்லை, ஞாயிறு காலையில் பதினைந்து நிமிடம்தான். அதே ரோட்டைத் திங்கள் காலை எட்டரை மணிக்கு யாரும் காட்டுவதில்லை.

நான் வேங்கைவாசல் பக்கம் குடியிருப்பவன். கல்லூரியில் போக்குவரத்துப் பொறியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆனால் வீடுகள் பெருகி ரோடு அடைபடுவதைப் பற்றி இன்று பேசப்போவதில் பாதி, மெயின் ரோட்டு டீக்கடையில் நின்று கற்றுக்கொண்டது.

முதலில் எங்கள் ஊர் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வேளச்சேரி–தாம்பரம் சாலைக்கும் ஓஎம்ஆருக்கும் நடுவில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம். அதில் புதிதாக ரோடு போட முடியாது, போடவும் கூடாது. ஆகவே கிழக்கே ஐடி கம்பெனிகளுக்குப் போக எங்களுக்கு முக்கியமான வழிகள் இரண்டுதான். வடக்கே பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் ரோடு, தெற்கே மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் ரோடு. இன்னும் தெற்கே போனால் வண்டலூர்–கேளம்பாக்கம் ரோடுதான்.

இப்போது நிர்வாக எல்லையைப் பாருங்கள். 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. பள்ளிக்கரணையும் சோழிங்கநல்லூரும் உள்ளே போயின. 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது செம்பாக்கமும் மாடம்பாக்கமும் அதில் சேர்ந்தன. மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், வேங்கைவாசல், ஒட்டியம்பாக்கம் எல்லாம் இரண்டு முறையும் வெளியே நின்று, ஊராட்சிகளாகவே பெருத்தன. லிஃப்ட் வைத்த கிராமங்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இங்கே நடக்கும் கிராம சபையில் தெருவிளக்கு பற்றித் தீர்மானம் போடலாம். சோழிங்கநல்லூர் சிக்னலில் நாற்பது நிமிடம் நிற்பதைப் பற்றி என்ன தீர்மானம் போடுவது? அந்த சிக்னல் இருப்பது அடுத்த ஊரில்.

சரி, வீடு கட்ட அனுமதி எப்படிக் கிடைக்கிறது? ஒவ்வொரு மனையாகப் பார்த்துத்தான். 2019ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி, மனையை ஒட்டிய சாலை 18 மீட்டர் அகலம் இருந்தால், உயரமான கட்டடத்துக்கு மனைப் பரப்பைப் போல 3.25 மடங்கு தளப் பரப்பு, எல்லா மாடியும் சேர்த்து, கட்டலாம். இந்த மடங்குக்குத்தான் எஃப்எஸ்ஐ என்று பெயர். பிரீமியம் எஃப்எஸ்ஐ என்று பணம் கட்டி வாங்கினால் அதற்கு மேலும் பாதி கிடைக்கும். போக்குவரத்துக் காவல்துறையின் தடையில்லாச் சான்றும் வேண்டும். அதில் வண்டி உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி, பார்க்கிங் இவையெல்லாம் பார்க்கப்படுகின்றன. கேள்விகள் தவறில்லை. ஆனால் எல்லாமே வாசலைச் சுற்றியே நிற்கின்றன. வாசலைத் தாண்டிய வண்டி மூன்று கிலோமீட்டர் போய் எந்தச் சந்திப்பில் முட்டிக்கொள்ளும், அங்கே ஏற்கெனவே எத்தனை வண்டி நிற்கிறது என்ற கணக்குக்கு இதில் இடம் போதவில்லை. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும், அதில் போக்குவரத்தும் வரும். அதுவும் அந்த ஒரு வளாகத்தை மையமாக வைத்த கணக்குதான்.

பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் வீடுள்ள ஒரு வளாகம். காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் இரண்டு வீட்டுக்கு ஒரு வண்டி வெளியே வருகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 250 கார், 250 பைக். சாலைகளுக்கு அளவுகோல் வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வழிகாட்டியில் எல்லா வண்டியையும் கார் அளவுக்கு மாற்றித்தான் எண்ணுவார்கள். பைக் கூட்டம் அதிகமுள்ள சாலையில் ஒரு பைக் முக்கால் காருக்குச் சமம். ஆக, ஏறக்குறைய 440 கார். திசைக்கு ஒரு தடமாக, நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலை, அது முக்கியச் சாலையாகவே இருந்தாலும், இரண்டு திசையும் சேர்த்து மணிக்கு 1,500 கார் அளவுதான் தாங்கும் என்கிறது அந்த வழிகாட்டி. அந்த மாதிரி ஒரு ரோட்டில் இப்படி மூன்று வளாகம் வந்தால் 1,320 ஆகிவிடும். அப்புறம் பழைய ஊர்க்காரர்கள், பள்ளி வேன், ஷேர் ஆட்டோ இதற்கெல்லாம் இடம் எங்கே? ஆனால் மூன்று வளாகத்துக்கும் தனித்தனியே அனுமதி கேட்டால், "எங்களால் 440தான்" என்று மூவரும் நியாயமாகவே சொல்லலாம்.

இதில் தண்ணீர் லாரியைச் சேர்க்கவில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான அளவு. வீட்டுக்கு நான்கு பேர், 300 வீடு என்றால் 1,62,000 லிட்டர். முழுக்க லாரித் தண்ணீரை நம்பிய வளாகமாக இருந்தால், 12,000 லிட்டர் லாரி 14 நடை வர வேண்டும், 14 நடை திரும்ப வேண்டும். குழாய் போடாமல் வீடு கட்டினால் அந்தக் குழாய் டயர் மாட்டிக்கொண்டு ரோட்டில் ஓடுகிறது.

இவ்வளவும் காசு கொடுத்து வாங்கிய வீடுகளைப் பற்றியது. பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் அரசே கட்டிக் குடியேற்றிய குடும்பங்களின் கதை வேறு. கூவம், அடையாறு கரைகளிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவர்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகும் பலர் வந்தார்கள். வீடு இடம் மாறியது, வேலை மாறவில்லை. முன்பு நடந்து போன வேலைக்கு இப்போது விடிவதற்கு முன் பஸ் பிடிக்க வேண்டும். நெரிசலுக்கு இவர்களைக் குறை சொல்பவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஒரு பஸ்ஸில் அறுபது பேராகப் போகிறவர்களால் அடைபடுகிற ரோடு இல்லை இது.

அப்புறம், எங்கள் பக்கத்து லேஅவுட் தெருக்கள். ஒவ்வொன்றும் கடைசியில் ஒரு சுவரில் போய் முடியும். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த லேஅவுட். என் வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் இருக்கும் மருந்துக் கடைக்கு மெயின் ரோட்டுக்கு வந்து, யு டர்ன் அடித்து, ஒன்றரை கிலோமீட்டர் சுற்றுகிறேன். சாலை அகலப்படுத்தவென்று கட்டுநர் தானப் பத்திரம் எழுதி முன்பக்க நிலத்தைக் கொடுப்பதும் உண்டு. புதுக் கட்டடத்தின் முன்னால் மட்டும் ரோடு விரிந்து, அடுத்த பழைய வீட்டில் சுருங்கும். அந்த விரிந்த துண்டில் பானிபூரி வண்டி நிற்கும்.

கட்டுநர்கள் பணம் கட்டாமலும் இல்லை. உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் என்று சதுர மீட்டர் கணக்கில் செலுத்துகிறார்கள். அது மாநில அளவிலான நிதிக்குப் போகிறது. எந்தச் சந்திப்பு பாதிக்கப்படுகிறதோ அங்கேயே அது திரும்பி வர வேண்டும் என்பது என் கட்சி. அந்தச் சந்திப்பு பக்கத்து ஊர் எல்லைக்குள் இருந்தாலும் சரி.

வீடே கட்டாதே என்று நான் சொல்லவில்லை. எனக்கு முன்னால் இங்கே குடியிருந்தவருக்கு நான்தானே டிராஃபிக்! இங்கே கட்டவிடாமல் செய்தால் ஜனம் மாம்பாக்கத்துக்கும் அதற்கு அப்பாலும் போகும், தினமும் இன்னும் பத்து கிலோமீட்டர் சேர்த்து ஓட்டும். என் குறை, எது முதலில் எது பிறகு என்ற வரிசையைப் பற்றியது. மாதவரத்திலிருந்து மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் வரும் மெட்ரோவுக்கு இப்போதுதான் தூண் எழுப்பியிருக்கிறார்கள். வீடுகள் அதற்குப் பல வருடம் முன்பே நிரம்பிவிட்டன. இடையில் எல்லோரும் பைக்கும் காரும் வாங்கிவிட்டார்கள். மாதத் தவணை ஓடுகிற காரை வீட்டில் நிறுத்திவிட்டு எத்தனை பேர் ரயில் ஏறுவார்கள்?

சென்னைப் பெருநகருக்கு 2026 வரையிலான இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) முடிகிறது, 2046 வரைக்குமான மூன்றாவது வருகிறது. வரைவு வெளியானதும் ஆட்சேபணை, ஆலோசனை கேட்பார்கள். பெரும்பாலானவர்கள் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் தங்கள் சர்வே எண்ணுக்கு என்ன நிறம் பூசியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பார்கள். நான் மேடவாக்கத்துக்காரர்களிடம் கேட்பது, சோழிங்கநல்லூர் வரைபடத்தையும் விரித்துப் பாருங்கள் என்று. சோழிங்கநல்லூர்க்காரர்கள் எங்கள் வரைபடத்தைப் பார்க்கட்டும். மனு எழுதும்போது உங்கள் தெருப் பெயரோடு, தினமும் நீங்கள் மாட்டிக்கொள்ளும் சிக்னலின் பெயரையும் எழுதுங்கள். ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள் திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுப் போங்கள்.

நன்றி, வணக்கம்.