வில்லெம்ஸ்டாட்: பாலத்தைத் தாண்டும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. காற்று அடிக்கிற அடியில் நான் பேசுவது கேட்கிறதா என்று தெரியவில்லை, மைக்கைச் சட்டைக்குள் செருகிக்கொண்டிருக்கிறேன். இது கரீபியன் கடலின் தென்கோடி. வெனிசுவேலாக் கரை இங்கிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர்தான். தீவின் பெயர் குராசோ, ஊர் வில்லெம்ஸ்டாட். கப்பல் சற்று முன்புதான் ரிஃப் கோட்டைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மாலை ஐந்து மணிக்குள் திரும்பி ஏறிவிட வேண்டும்.

கப்பலில் நகரைச் சுற்றிக் காட்ட ஒரு பஸ் பயணம் விற்கிறார்கள். இந்த ஊருக்கு அது தேவையே இல்லை. பழைய நகரம் முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம். தொப்பியும் ஒரு பாட்டிலும் போதும். பாட்டில் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். இந்தத் தீவில் மழையும் குறைவு, ஆறும் இல்லை. 1928 முதலே கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்துக் குடிநீராக்குகிறார்கள். குழாயில் வருவதை அப்படியே பிடித்துக் குடிக்கலாம், சுவையாகவே இருக்கிறது.

துறைமுகத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தாயிற்று. இதோ கேமராவைத் திருப்புகிறேன். எதிரே மஞ்சள், நீலம், காவி, பச்சை என்று தோளோடு தோள் உரசி நிற்கிற வீடுகள். இணையத்தில் குராசோ என்று தேடினால் முதலில் வருவது இந்த வரிசைதான், ஹாண்டல்ஸ்காடே. நடுவில் ஓடுவது சின்ட் அன்னா விரிகுடா. விரிகுடா என்று பெயர் இருந்தாலும் பார்வைக்கு ஓர் அகலமான கால்வாய்தான். கடலையும் உள்துறைமுகத்தையும் இணைக்கிறது. அதன் மேல் மிதக்கிறது எம்மா ராணி பாலம். உண்மையாகவே மிதக்கிறது. 1888இல் கட்டிய இந்தப் பாலத்துக்குத் தூண்கள் கிடையாது, வரிசையாகக் கட்டிய மிதவைகளின் மேல் பலகைத் தளம், நீளம் 167 மீட்டர்.

மணி அடிக்கிறது, கேட்கிறதா? கதவை மூடுகிறார்கள். நான் உள்ளே வந்துவிட்டேன். கப்பல் வரும்போது பாலம் மேலே தூக்கிக்கொள்ளாது, கதவு திறப்பதைப்போல் பக்கவாட்டில் விலகும். இந்தக் கரையில் கீல், அந்த முனையில் ஒரு சிறு கூண்டு. கூண்டுக்குள் இருப்பவர் டீசல் இயந்திரத்தை முடுக்கினால் அடியில் இருக்கிற சுழலிகள் பாலத்தையே இழுத்துக்கொண்டு போகின்றன. காலுக்கடியில் பலகை லேசாக அதிர்கிறது பாருங்கள். எதிர்க்கரை மெல்ல நகர்ந்து போகிறது, நகர்வது நாம்தான். உள்ளூர்க்காரர் ஒருவர் கைப்பிடியில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார், தலை நிமிரவே இல்லை. அவசரம் உள்ளவர்களுக்குப் பக்கத்திலேயே இலவசப் படகு விடுகிறார்கள்.

அந்தக் காலத்தில் இதற்குச் சுங்கம் உண்டு. காலணி போட்டவர் காசு தர வேண்டும், வெறுங்காலோடு வருபவருக்கு இலவசம். ஏழைகளுக்குச் சலுகை செய்யப் போட்ட விதி. ஆனால், ஏழை என்று காட்டிக்கொள்ள மனமில்லாமல் காலணியைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு காசும் கொடுத்து நடந்தவர்கள் இருந்தார்களாம், வசதியானவர்களோ காலணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போனார்களாம். எவ்வளவு உண்மையோ, மனிதர்களைத் தெரிந்தவர்கள் நம்புகிற கதைதான்.

தூரத்தில் உயரமாகத் தெரிகிறதே, அது யூலியானா ராணி பாலம். நீர்மட்டத்திலிருந்து 56 மீட்டர். 1974இல் அது திறந்த பிறகுதான் கார்களெல்லாம் அங்கே போயின, இது நடப்பவர்களுக்கு மிஞ்சியது. கட்டும்போதே 1967இல் அதன் ஒரு பகுதி இடிந்து 15 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

சரி, எதிர்க்கரைக்கு வந்தாயிற்று. 1634இல் டச்சுக்காரர்கள் ஸ்பானியர்களிடமிருந்து தீவைப் பிடித்ததும் கோட்டை கட்டிய கரை இது. முனையில் இருக்கிற மஞ்சள் கட்டடத்தில் 1708 என்று ஆண்டு போட்டிருக்கிறது. வீடுகளுக்கு ஏன் இத்தனை நிறம்? முன்பெல்லாம் எல்லாமே வெள்ளைச் சுண்ணாம்பு. 1817இல் ஆளுநராக இருந்த கிக்கெர்ட், வெயிலில் வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசித் தமக்குத் தலைவலி வருகிறது என்று வெள்ளைக்குத் தடை போட்டாராம். பிறகு பார்த்தால் ஊரின் வண்ணக் கடையில் அவருக்கே பங்கு இருந்ததாம். ஊருக்கு ஊர் இப்படி ஓர் அதிகாரி!

ஆம்ஸ்டர்டாம் கோட்டைக்குள் இன்றும் அரசு அலுவலகங்கள்தான். உள்ளே இருக்கிற தேவாலயச் சுவரில் 1804 பிரிட்டிஷ் முற்றுகையின்போது பாய்ந்த பீரங்கிக் குண்டு அப்படியே பதிந்திருக்கிறது. பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம், நேரத்தை யூத ஜெபாலயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மிக்வே இஸ்ரேல் எம்மானுவேல். 1732இல் எழுப்பியது, அமெரிக்கக் கண்டங்களிலேயே இடைவிடாமல் வழிபாடு நடக்கிற மிகப் பழைய ஜெபாலயம். உள்ளே குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். தரையைக் காட்டுகிறேன் பாருங்கள்: முழுக்க மணல். கருமையான மரவேலைப்பாடு, பித்தளைத் தொங்குவிளக்குகள், அவற்றுக்குக் கீழே வெள்ளை மணல். நடந்தால் காலடி ஓசையே எழவில்லை. சினாய் பாலைவனத்தில் முன்னோர் அலைந்ததன் நினைவு என்பது ஒரு விளக்கம். எனக்கு மனத்தில் தைத்தது மற்றொன்று. போர்ச்சுகலில் கத்தோலிக்கத் திருச்சபையின் மத விசாரணைக்குப் பயந்து யூதர்கள் ஒளிந்து வழிபட்ட காலத்தில், வெளியே சத்தம் கேட்காதிருக்கத் தரையில் மணலைப் பரப்பினார்களாம். அங்கிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குத் தப்பி, 1651 முதல் இந்தத் தீவுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் கட்டியது இது. பயப்பட ஒன்றுமில்லாத ஊரிலும் மணலை விடவில்லை. சனிக்கிழமை வழிபாட்டு நாள், பார்வையாளராகப் போக நினைத்தால் வேறு நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பசி. பிளாசா பியூ, பழைய சந்தைக் கொட்டகை. வழியில் படகுச் சந்தை இருக்கிறது. வெனிசுவேலாவிலிருந்து படகு படகாகக் காய்கனி வந்து இறங்கிய இடம். 2019இல் அந்த நாடு எல்லையை மூடியதும் அந்த வரத்து அறுந்தது, படகுச் சந்தை என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொட்டகைக்குள் வரிசையாகத் திறந்த அடுப்புகள், நீளமான பொது மேசைகள், யார் பக்கத்திலும் உட்காரலாம். மதியம் மட்டும்தான் கடை. ஆட்டுக்கறிக் குழம்பு வாங்கியிருக்கிறேன், கூடவே ஃபுஞ்சி. மக்காச்சோள மாவில் கிண்டிய களி, வேறொன்றுமில்லை. கெட்டியாக, உப்புக் குறைவாக, குழம்பை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த அடுப்பில் கொதிப்பது கியாம்போ. வெண்டைக்காயையும் மீனையும் உப்பிட்ட இறைச்சியையும் போட்டு, முனையில் கிளை பிரிந்த ஒரு குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கடைகிறார் அந்த அம்மாள். லெலே என்கிறார்கள், அப்படியே நம் மத்து. நான் கேமராவை நீட்டியதும் “முதலில் சாப்பிடு பிள்ளை, படம் அப்புறம்” என்று சொல்லிவிட்டார். சாப்பிட்டேன். வெண்டைக்காயின் வழவழப்பு பிடிக்காதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம், எனக்குப் பிடித்திருக்கிறது.

டாலரில் கொடுத்தேன், மீதியைக் கில்டரில் தந்தார்கள். 2025 மார்ச் 31 முதல் இங்கே கரீபியன் கில்டர் என்ற புதிய பணம், ஒரு டாலருக்கு 1.79. கப்பலுக்குப் போனபின் அது எதற்கும் ஆகாது, இங்கேயே செலவழித்துவிடுங்கள். கடைக்குக் கடை நீலநிறக் கால்பந்துச் சட்டை தொங்குகிறது. தீவின் மக்கள்தொகையே ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல்தான். 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டார்கள், இவ்வளவு சிறிய நாடு இதுவரை அங்கே போனதில்லை. சட்டை வாங்கினால் கில்டரும் தீர்ந்துவிடும்.

மறுபடியும் பாலத்தைக் கடந்து, கப்பல் நிற்கிற கரைக்கே வந்துவிட்டேன். இந்தக் கரைக்கு ஓட்ரோபாண்டா என்று பெயர். பெரும்பாலான பயணிகள் செய்வது என்ன? இறங்கியதும் விறுவிறுவென்று பாலத்துக்குப் போய், அக்கரையில் படம் பிடித்துவிட்டு, வந்த வழியே கப்பலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். கோட்டைக் கரையில் தெருக்கள் நூல் பிடித்ததுபோல் நேர். இங்கே சந்துக்குள் சந்து, படிக்கட்டு, திடீரென்று ஒரு முற்றம். மதில் கட்டிய நகரத்துக்கு வெளியே 18ஆம் நூற்றாண்டில் வளர்ந்த பகுதி. வணிகர்களின் பெரிய வீடுகளும், அவற்றை ஒட்டி விடுதலை பெற்ற கறுப்பினத்தவரின் சிறு வீடுகளும் எழுந்தன. இந்தச் சுவரைக் கிட்டத்தில் காட்டுகிறேன். பூச்சு உரிந்த இடத்தில் உள்ளே தெரிவது பவளக்கல். அதிலிருந்து உப்பு பொரிந்து வந்து பூச்சைத் தள்ளுகிறது. உரிந்த விளிம்பில் பாருங்கள், நீலத்துக்கு அடியில் மஞ்சள், மஞ்சளுக்கு அடியில் சிவப்பு, எல்லாவற்றுக்கும் கீழே வெள்ளை. அக்கரையில் இதையெல்லாம் அவ்வப்போது பூசி மறைத்துவிடுகிறார்கள்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் குரா ஹுலாண்டா. அடிமை வணிகம் பற்றிய அருங்காட்சியகம் இங்கேதான் அமைந்தது. 17ஆம் நூற்றாண்டில் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்தவர்களை இந்தத் தீவில் இறக்கி, ஸ்பானியக் குடியேற்றங்களுக்கு விற்றது. அக்கரையின் அழகுக்கு அடியில் அந்தப் பணமும் இருக்கிறது. 1795 ஆகஸ்ட் 17 அன்று தூலா என்ற அடிமைத் தொழிலாளி வேலைக்குப் போக மறுத்துக் கலகத்தைத் தொடங்கினார். அக்டோபர் 3 அன்று அவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அடிமைமுறை ஒழிய 1863 ஆனது. டச்சு அரசு தூலாவின் பெயருக்கிருந்த களங்கத்தை அதிகாரபூர்வமாக நீக்கியது எப்போது தெரியுமா? 2023இல்.

கதை அதோடு முடியவும் இல்லை. உள்துறைமுகத்தில் 1918 முதல் இயங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைதான் நீண்ட காலம் தீவுக்குச் சோறு போட்டது. அங்கே ஒரே வேலைக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் குறைந்த கூலி. 1969 மே 30 அன்று அவர்கள் நகரை நோக்கி ஊர்வலம் வந்தார்கள், கலவரம் வெடித்தது, நகரின் கட்டடங்கள் பல எரிந்தன, இருவர் உயிரிழந்தனர், பின்னர் அரசு பதவி விலகியது. பளபளவென்று நிற்கிற கட்டடங்களுக்கு நடுவே அங்கங்கே வயதுக்குப் பொருந்தாத புதுக் கட்டடத்தைப் பார்த்தால், எதற்காக வந்தது என்று யாரிடமாவது கேளுங்கள். போன் டியா என்று வணக்கம் சொல்லிவிட்டுக் கேட்டால் நின்று பதில் சொல்வார்கள்.

எனக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, மேலே ஏறிப்போகிற அந்தப் படிக்கட்டுச் சந்துக்குள்ளும் போய்ப் பார்த்துவிடுகிறேன். நாளை பொனேர் தீவு. அங்கே துறைமுக ஊர் மிகச் சிறியது, தெற்கே உப்பளங்களையும் அங்கே வேலை செய்த அடிமைகளின் கல் குடிசைகளையும் பார்க்க வேண்டும். நடந்து போகிற தூரம் இல்லை. உங்களில் யாராவது போயிருந்தால், வாடகை சைக்கிளில் இந்தக் காற்றை எதிர்த்து மிதிக்க முடியுமா, வண்டிதான் எடுக்க வேண்டுமா என்று இன்றிரவே கீழே எழுதிவிடுங்கள்.