பேட்டரி இல்லாத சென்சார் எப்படிப் பதில் சொல்கிறது?

அடுத்த கேள்வி, துணைமின் நிலையம் ஒன்றில் வேலை செய்கிற நேயர் அனுப்பியது. ‘சார், எங்கள் 11 கிலோவோல்ட் பேனலுக்குள் பஸ்பார், அதாவது மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் தடித்த உலோகப் பட்டை, இணைப்பின் சூட்டை அளக்க வயர்லெஸ் சென்சார் பொருத்தியிருக்கிறார்கள். பேட்டரி இல்லை, கம்பி இல்லை, உள்ளே சிலிக்கான் சிப்பும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் எதைக்கொண்டு அது பதில் அனுப்புகிறது? சென்சாரைக் கேட்டுப் பதில் வாங்கும் கருவியான ரீடர் அனுப்புகிற அலை பேனலின் இரும்புத் தகட்டில் எல்லாம் பட்டுத் திரும்புமே, அந்த இரைச்சலுக்கு நடுவில் சென்சாரின் பதிலை எப்படிப் பிரித்து எடுக்கிறார்கள்?’

இரண்டாவது கேள்வியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. இந்தத் தொழில்நுட்பத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஆனால் முதலில் இந்தப் பொருளைப் பார்த்துவிடலாம்.

கேமராவை அருகில் கொண்டுவருகிறேன். இது பழைய கலர் டிவியிலிருந்து கழற்றிய ‘சா’ ஃபில்டர், வேண்டிய அலைவரிசையை மட்டும் பிரித்தெடுக்கும் பாகம். பெயரின் பொருளைப் பிறகு சொல்கிறேன். மூடியை அரத்தால் தேய்த்துத் திறந்திருக்கிறேன். உள்ளே கண்ணாடித் துண்டுபோல் மின்னுவது படிகம். சதுரமாக இல்லாமல் ஓரம் சாய்வாக வெட்டியிருக்கிறது, பாருங்கள். இரு முனைகளிலும் பசைபோல ஏதோ தடவியிருக்கிறார்கள். ஓரம்வரை ஓடிவரும் அலை திரும்பிவிடாமல் விழுங்குவதற்காக. நடுவில் சாம்பல் நிறப் பட்டையாகத் தெரிவதை லென்ஸில் பார்த்தால், இரண்டு சீப்புகளை எதிரெதிரே வைத்துப் பற்களைக் கோத்ததுபோல் இருக்கும். எல்லாம் அலுமினியக் கோடுகள். 1965இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒயிட், வோல்ட்மர் என்ற இருவர் செய்துகாட்டிய அமைப்பு இது. உங்கள் பேனலில் இருக்கும் சென்சார் இதன் தம்பிதான். அதில் பல் ஒன்றின் அகலம் ஏறக்குறைய 2 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் இருபது, முப்பது பற்களை வரிசையாக அடுக்கலாம்.

இந்தச் சீப்பை நேராக ஆன்டெனாவில் இணைத்துவிடுகிறார்கள். ரீடர் அனுப்பும் ரேடியோ அலை ஆன்டெனாவில் பட்டதும் பற்களுக்கு இடையே மின்னழுத்தம் மாறி மாறி வருகிறது. குவார்ட்ஸ், லித்தியம் நியோபேட் போன்ற படிகங்கள் மின்னழுத்தம் கொடுத்தால் விரியும், சுருங்கும். அவற்றை அழுத்தினால் மின்னழுத்தம் தரும். ஆகவே படிகத்தின் மேற்பரப்பு நடுங்கத் தொடங்குகிறது. அந்த நடுக்கம் மேல்தோலை ஒட்டியே ஓடும், ஆழத்துக்கு இறங்காது. ராலே பிரபு 1885இல் கணக்கிட்டுக் காட்டிய அலை இது. அதனால்தான் இதற்கு மேற்பரப்பு ஒலியலை, சுருக்கமாக ‘சா’ என்று பெயர். இந்த அலை வழியில் ஒரு பிரதிபலிப்புக் கோட்டில், அதாவது அலையைத் திருப்பி அனுப்பும் கோட்டில், மோதித் திரும்பி, அதே சீப்பை அடைந்து மறுபடி மின்சாரமாகி, அதே ஆன்டெனா வழியாக வெளியே போகிறது. ரீடர் கொடுத்த ஆற்றலில் ஒரு சிறு பங்கைச் சென்சார் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். பேட்டரிக்கு அங்கே வேலையே இல்லை.

இப்போது இரண்டாவது கேள்வி. ரேடியோ அலை வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகிறது. லித்தியம் நியோபேட்டின் மேல் இந்த ஒலியலை போவது வினாடிக்கு ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர். வேகமாகத் தோன்றும், ஆனால் ரேடியோவோடு ஒப்பிட்டால் ஆமை. மூன்றரை மில்லிமீட்டர் போய்த் திரும்ப இரண்டு மைக்ரோ செகண்ட் பிடிக்கிறது. அதே நேரத்தில் ரேடியோ அலை 600 மீட்டர் கடந்துவிடும். பேனலின் தகடு, அறையின் சுவர், பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றிலும் பட்டுத் தெறித்த எதிரொலிகள் அதற்குள் ஓய்ந்துபோயிருக்கும். எல்லோரும் பேசி முடித்து அறை அமைதியான பிறகு ஒருவர் மெல்லிய குரலில் பேசினாலும் காதில் விழும் அல்லவா? சென்சார் அப்படித்தான் பேசுகிறது. இவ்வளவு தாமதத்தை ரேடியோ அலைக்குக் கேபிளில் தர வேண்டுமானால் நூற்றுக்கணக்கான மீட்டர் சுருட்ட வேண்டும். படிகத்தில் அரிசி நீளம்கூட வேண்டியதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதே இல்லை.

சரி, சூடு எப்படித் தெரிகிறது? படிகம் சூடானால் அலை வந்து சேரத் தாமதமாகும். நான் சொன்ன இரண்டு மைக்ரோ செகண்ட் பாதையில், ஒரு டிகிரிக்கு 0.19 நானோ செகண்ட். அது ஒன்றுமில்லாத அளவாகத் தோன்றும். ஆனால் 434 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றே 2.3 நானோ செகண்ட்தான். எனவே ஒரு டிகிரி ஏறினால் ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு தள்ளிப்போகிறது. கடிகாரத்தில் சின்ன முள் ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு நகர்வதுபோல. தெளிவாக அளந்துவிடலாம். ஆனால் பன்னிரண்டு டிகிரி ஏறியதும் முள் பழைய இடத்துக்கே வந்து நிற்குமே? அதற்காகத்தான் வெவ்வேறு தூரங்களில் மூன்று, நான்கு பிரதிபலிப்புக் கோடுகளை வைத்து, அவற்றுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பார்க்கிறார்கள்.

உங்களுடையது போன்ற ஸ்விட்ச்கியர் (மின்சாரத்தை இணைக்கும், துண்டிக்கும் கருவிகள் உள்ள) பேனல்களில் பெரும்பாலும் இன்னொரு வகைதான் வருகிறது. அதைக் கோயில் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரீடர் ஒரு தட்டு தட்டி நிறுத்திவிடும். படிகம் சில மைக்ரோ செகண்ட் ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். சூடு ஏறினால் சுருதி மாறும். அந்தச் சுருதியை ரீடர் அளந்துகொள்கிறது. தட்டு நின்ற பிறகு கேட்பது என்பதால் இங்கேயும் எதிரொலித் தொல்லை இல்லை.

வேறொரு நேயர், ‘சாதாரண ஆர்எஃப்ஐடி சிப்பையே வைக்கலாமே’ என்று கேட்டிருந்தார். ரேடியோ அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துப் பதில் அனுப்பும் சிலிக்கான் சிப் அது. வைக்கலாம், சூட்டை அளக்கும் சிப்களும் வந்திருக்கின்றன. ஆனால் சிப் விழிக்கக் குறைந்தபட்ச மின்னழுத்தம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் மௌனம்தான். சா படிகத்துக்கு அப்படி ஒரு வாசற்படி கிடையாது. எவ்வளவு மெல்லிய அலை வந்தாலும் அதற்கேற்ற மெல்லிய பதில் போகும். 200 டிகிரிக்கு மேல் சாதாரண சிலிக்கான் சிப் தாங்காது. குவார்ட்ஸின் படிக அமைப்பு 573 டிகிரியில் மாறிவிடுகிறது. லாங்கசைட் என்ற படிகமோ 1,470 டிகிரியில் உருகும்வரை அமைப்பு மாறாமல் நிற்கிறது. டர்பைன் போன்ற இடங்களுக்கு அதைத் தேடிப் போவது அதனால்தான். அங்கே அலுமினியச் சீப்பு உருகிவிடும். பிளாட்டினம் கலந்த சீப்பு வேண்டும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். எட்டும் தூரம் சில மீட்டர்தான். அதோடு, மணி வகையில் ஒரே ரீடருக்குப் பல சென்சார்களை வைக்க வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுருதி ஒதுக்க வேண்டும். பயன்படுத்தும் அலைவரிசை 433.05 முதல் 434.79 மெகாஹெர்ட்ஸ் வரை என்றால், இருப்பதே 1.74 மெகாஹெர்ட்ஸ் இடம். ஒரு சென்சார் குளிரிலிருந்து கொதிசூடு வரை நகரும் எல்லை முழுவதும் தன் பங்குக்குள் அடங்க வேண்டும்; இல்லையென்றால் பக்கத்துச் சென்சாரின் இடத்தில் ஏறிவிடும். மூன்று கட்ட (த்ரீ ஃபேஸ்) மின்சாரத்தில் R கட்டத்தின் சூட்டை Y கட்டத்தின் சூடு என்று ரீடர் காட்டினால் எவ்வளவு ஆபத்து என்பது உங்களுக்கே தெரியும். எனவே நண்பரே, அடுத்த முறை பேனலுக்கு ஷட்டவுன் கிடைக்கும்போது, மின்சாரம் துண்டித்து எர்த் செய்த பிறகு, ஒவ்வொரு சென்சாரையும் தனித்தனியாகச் சூடாக்கி, திரையில் எந்த எண் ஏறுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கதவை மூடி ஒருமுறை பாருங்கள். கதவு திறந்திருக்கும்போது நன்றாகக் கிடைக்கும் பதில், மூடியதும் தகடுகளுக்கு நடுவில் பலம் குறைந்துபோகலாம். அப்படியானால் ஆன்டெனாவை ஒரு சாண் தள்ளி வைத்துப் பாருங்கள்.