காதுகள் மாறவில்லை

நண்பர்களே, வணக்கம்.

நாவல் படித்து அழுதிருக்கிறீர்களா என்று யாராவது கேட்டால் நம்மில் பலர் தயங்கித்தான் பதில் சொல்வோம். நடக்காத ஒன்றுக்காக, பிறக்கவே பிறக்காத ஒருத்திக்காக அழுதோம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். எனக்கு அந்தக் கூச்சம் போய்விட்டது. எப்படிப் போயிற்று என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’வை முதலில் படித்தபோது எனக்கு இருபது வயது. எட்டுப் பாகங்கள். 1875 முதல் 1877 வரை ஒரு ரஷ்யப் பத்திரிகையில் தொடராக வந்த நாவல். எட்டாம் பாகத்தை வெளியிடப் பத்திரிகை ஆசிரியர் மறுத்துவிட, டால்ஸ்டாய் அதைத் தனியாக அச்சிட்டார். அந்தக் காலத்து வாசகர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்து படித்ததை நான் பத்தே நாளில் விழுங்கிவிட்டேன். விழுங்கினேன் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

முதல் பாகத்தில் ஒரு ரயில் பயணம் வரும். மாஸ்கோவில் வ்ரான்ஸ்கி என்ற இளம் ராணுவ அதிகாரியைச் சந்தித்து மனம் சலனப்பட்ட அன்னா, பீட்டர்ஸ்பர்க் திரும்புகிறாள். வண்டியில் ஓர் ஆங்கில நாவலைப் பிரிக்கிறாள். கையில் தாள் அறுக்கும் சிறு கத்தி. அன்றைக்குப் புத்தகத்தின் தாள்கள் மடிந்தபடியே வரும்; படிப்பவர்தான் அறுத்துக்கொண்டு போக வேண்டும். படிக்கப் படிக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதையில் ஒருத்தி நோயாளியைப் பார்த்துக்கொண்டால், தானும் ஓசைப்படாமல் அந்த அறைக்குள் நடமாட வேண்டும்போல் இருக்கிறது. யாரோ வாழ்வதைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. நாவல் ஒரு மனத்தை என்ன பாடு படுத்தும் என்பதை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய பக்கம் வேறொன்றை நான் கண்டதில்லை.

வண்டி நிற்கிறது. நடைமேடையில் கணவர் கரேனின். அன்னாவின் கண்ணில் முதலில் படுவது அவருடைய காதுகள். தொப்பியின் விளிம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் காதுகள். ஐயோ, இவர் காது ஏன் இப்படி ஆகிவிட்டது என்று நினைக்கிறாள்.

இருபது வயதில் அந்த இடத்தில் நான் சிரித்தேன். நான் முழுக்க அன்னாவின் கட்சி.

அப்பா பேச வாயெடுக்கும் முன் தொண்டையைச் செருமுவார். நான் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். வேலைக்காக ஒரு வருடம் வெளியில் இருந்துவிட்டுத் திரும்பினேன். வந்த அன்று மாலையே அந்தச் சத்தம் எனக்குத் தாங்கவில்லை. “ஒரு வார்த்தையாவது செருமாம சொல்ல மாட்டீங்களாப்பா?” என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு நான் இருக்கும் இடத்தில் அவர் பேச்சு குறைந்துபோயிற்று. சொல்ல வந்ததை நிறுத்தி, எச்சிலை விழுங்கி, தொண்டை ஒத்துழைக்கும் என்று தெரிந்த பின்பே தாழ்ந்த குரலில் தொடங்குவார். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் பேசாமல் இருந்தேன்.

சில வருடங்களில் அவர் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். நெஞ்சுரம் உள்ளவன் என்றார்கள்.

ஐந்தாறு மாதம் கழித்து, தூக்கம் வராத ஓர் இரவு, அதே நாவலை எடுத்தேன். ரயில் வந்தது, நடைமேடை வந்தது, காதுகள் வந்தன. அவை அவள் புறப்பட்டபோது இருந்த அதே காதுகள்தான். போய் வந்தவளின் கண்தான் மாறியிருந்தது. புத்தகத்தை மூடி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டேன். அப்போது வந்த அழுகை விடியும்வரை நிற்கவில்லை.

நாவல் மனத்தைக் கெடுத்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. ‘மதாம் பொவாரி’ என்ற நாவலை எழுதியதற்காக 1857-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரை பாரிஸ் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள், விடுதலையானார். நாவல் நம் உள்ளே புகுந்து எதையோ அசைக்கும் என்பதை வழக்குத் தொடுத்தவர்கள் சரியாகவே உணர்ந்திருந்தார்கள். அசைவது நம்மிடம் ஏற்கெனவே கிடப்பதுதான் என்பது என் அனுபவம். டால்ஸ்டாய் எழுதியது ஒரு ஜோடிக் காதுகளை. செருமல் என்னுடையது.

அந்த இரண்டாம் வாசிப்பில் நான் கரேனினைத் தேடித் தேடிப் படித்தேன். நான்காம் பாகத்தில், வ்ரான்ஸ்கியின் குழந்தையைப் பெற்றுவிட்டு அன்னா ஜுரத்தில் சாகக் கிடக்கிறாள். அந்த மனிதர் மண்டியிட்டு, அவள் கை மடிப்பில் தலையை வைத்துச் சிறுபிள்ளைபோல் விம்முகிறார். பிறகு, தன்னுடையதல்லாத அந்தப் பச்சைக் குழந்தையின் அறைக்கு அடிக்கடி போய், சில சமயம் அரைமணி நேரம்கூட அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இருபது வயதிலும் இந்தப் பக்கங்களை நான் புரட்டியிருக்கத்தான் வேண்டும். ஒரு வரிகூட நினைவில் தங்கியிருக்கவில்லை. காதுகள் மட்டும் தங்கியிருந்தன.

போன வாரம் என் மகள் அதே பிரதியைப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது இருபது. திடீரென்று வாய்விட்டுச் சிரித்து, “அப்பா, இதைக் கேளுங்களேன்” என்று அந்தக் காது வரிகளை உரக்கப் படித்துக் காட்டினாள். கேட்டுக்கொண்டேன். வேறெதுவும் சொல்லவில்லை. அவளுக்கு இன்னும் ஏழு பாகங்கள் இருக்கின்றன.