காய்ச்சல் இறங்கியாச்சு, பஸ் ஏறலாமா? சளி எத்தனை நாள் ஒட்டும்?

[திரையில்: கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்ட், பாலக்காடு மாவட்டம், கேரளா, காலை 7 மணி]

நேத்து ராத்திரி உங்களுக்கு உடம்பு அனலாக் கொதிச்சுது. காலையில ஒரு பாராசிட்டமால் போட்டீங்க. வேர்த்துக் கொட்டி இறங்கிருச்சு. சரியாப் போச்சுன்னு பொள்ளாச்சி பஸ் ஏறிட்டீங்க. பக்கத்து சீட்ல கைக்குழந்தையோட ஒரு அக்கா.

அந்த மாத்திரை காய்ச்சலை மட்டும்தான் இறக்குச்சு. வைரஸை அது தொடவே இல்லீங்க. உங்க மூச்சுல வைரஸ் அதிகமா இருக்கிறதே இந்த முதல் ரெண்டு மூணு நாள்தான்.

அதே பஸ்ல பின்னாடி ஒரு பெரியப்பா. சளி வந்து மூணு வாரம் ஆச்சு, இன்னும் லொக்கு லொக்குன்னு இருமுறாரு. எல்லாரும் அவரை விட்டுத்தான் தள்ளி உக்காருறாங்க!

வணக்கம் மக்களே. பயப்பட வேண்டிய நேரத்துல பயப்படாம, வேண்டாத நேரத்துல பயப்படுறோம். இன்னைக்கு வீடியோ அதைப் பத்தித்தான்.

கணக்கை வேகமா முடிச்சிருவோம். ஃப்ளூ, அறிகுறிக்கு ஒரு நாள் முன்னாடி தொடங்கி 5, 7 நாள் வரைக்கும் ஒட்டும். கோவிட், ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே தொடங்கி ஏறக்குறைய 8, 10 நாள். சாதாரண சளி முதல் மூணு நாள் அதிகம், அப்புறம் குறைஞ்சுகிட்டே ரெண்டு வாரம்கூடப் போகும். குழந்தைங்களுக்கு மூச்சுத் திணறல் கொண்டுவர்ற ஆர்.எஸ்.வி.ங்கிற வைரஸ் 3 முதல் 8 நாள், ஆனா கைக்குழந்தைங்களுக்கும் எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கும் நாலு வாரம் வரைக்கும் போகலாம்.

[திரையில்: வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து]

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன். ஒரு வீட்ல அம்மை போட்டா நம்ம பாட்டிங்க என்ன பண்ணுவாங்க? வாசல்ல வேப்பிலை சொருகுவாங்க. அதைப் பார்த்தா வெளியாள் படி ஏற மாட்டாங்க. அந்த வீட்டுக்காரங்களும் கல்யாணம் காட்சின்னு எங்கயும் போக மாட்டாங்க. கொப்புளமெல்லாம் காய்ஞ்சு பக்கு உதிரத் தொடங்குன பிறகுதான் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணி தலைக்கு ஊத்துவாங்க. அதுக்கப்புறம்தான் வெளியே விடுவாங்க.

இப்ப டாக்டரைக் கேளுங்க. சின்னம்மை எப்ப வரைக்கும் ஒட்டும்? எல்லாக் கொப்புளமும் காய்ஞ்சு பக்குக் கட்டுற வரைக்கும்! மைக்ரோஸ்கோப் இல்லாம, வைரஸ்னு ஒரு பேரே தெரியாம, பார்த்துப் பார்த்தே அந்த நாள்கணக்கைப் பிடிச்சிருக்காங்க. எனக்கு இதை நினைக்க நினைக்க மலைப்பா இருக்கு.

ஆனா அந்த வேப்பிலைக்கும் ஒரு ஓட்டை உண்டு. கொப்புளம் தெரியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே சின்னம்மை ஒட்டத் தொடங்கிரும். கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகுதானே இலை கட்ட முடியும்? சளிக்கு அந்தத் தடம்கூடக் கிடையாது. தொண்டை லேசா கரகரங்கும், அவ்வளவுதான். அதுக்கு யாரு இலை கட்டுவாங்க?

நானும் அப்படித்தான் நினைச்சேன். தொண்டைக் கரகரப்போட பாலக்காடு சித்தூர்ல ஒரு காதுகுத்துக்குப் போனேன். எங்க அக்கா பொண்ணைத் தூக்கிக் கொஞ்சுனேன், அப்ப அவளுக்கு நாலு மாசம். ஒரு வாரத்துக்குள்ள அவளுக்கு மூச்சு இழுத்து நாலு நாள் ஆஸ்பத்திரி. என்கிட்ட இருந்துதான் போச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அந்த நாலு நாளும் நான் தூங்கல.

[திரையில்: நென்மாறை வேலை (கோயில் திருவிழா), வெடிக்கெட்டு (வாணவேடிக்கை)]

சரி, டெஸ்ட் பண்ணிட்டா தெரிஞ்சிருமே? 2021ல கேரள எல்லையில வாளையார் செக்போஸ்ட்ல ஆர்டி-பிசிஆர் சான்றிதழ் காட்டிட்டு நின்னோமே, ஞாபகம் இருக்கா? கோவிட் குணமாகி வாரக்கணக்கான பிறகும் சிலருக்கு பாசிட்டிவ்னே வந்துச்சு.

மலையாள மீன மாசம் 20, நென்மாறை வேலைத் திருவிழா. ராத்திரி வெடிக்கெட்டுல நெஞ்சு அதிரும். மறுநாள் வயலுக்குப் போய்ப் பாருங்க, கருகுன கடுதாசித் துண்டா கிடக்கும். அது ஒண்ணும் வெடிக்காது, ஆனா இங்க வெடி போட்டிருக்காங்கன்னு சொல்லும். பிசிஆர் தேடுறதும் வைரஸோட மரபணுத் துண்டைத்தான். உயிரோட இருக்கா, செத்துப்போச்சான்னு அதுக்குத் தெரியாது. அதனாலதான் 2020 மே மாசமே மத்திய சுகாதார அமைச்சகம் விதியை மாத்துச்சு. லேசான கோவிட்னா, அறிகுறி தொடங்கி 10 நாள் ஆகி, கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லாம இருந்தா, மறுபடி டெஸ்ட் இல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம்னு.

பெரியப்பா இருமலும் பெரும்பாலும் அப்படித்தான். வைரஸ் போயிருச்சு, புண்ணான தொண்டை ஆறுறதுக்கு நாளாகுது. ஆனா ஒரு விஷயம் கட்டாயம்: இருமல் 2 வாரம் தாண்டுனா டி.பி.க்கு சளிப் பரிசோதனை பண்ணிருங்க. அரசு ஆஸ்பத்திரியில இலவசம்.

அப்போ எப்ப பஸ் ஏறலாம்? மாத்திரையே போடாம 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாம இருக்கணும், உடம்பும் தேறிட்டு வரணும். அதுக்கப்புறமும் அஞ்சு நாள் மாஸ்க் போடுங்க. கைக்குழந்தை, வயசானவங்க, கேன்சருக்கு கீமோ எடுக்குறவங்க இருக்கிற வீட்டுக்கு அந்த நாள்கள்ல போகாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்குறேன்.

கடைசியா ஒண்ணு. இங்க மலையாளம் ஸ்கூல்ல டீச்சர் "பனி உண்டோ?"ன்னு கேட்டா காய்ச்சல் இருக்கான்னு அர்த்தம். எல்லை தாண்டி பொள்ளாச்சிக்குப் போனா பனின்னா மார்கழிப் பனி. டீச்சர்மாரே, நீங்க "தொண்டை வலிக்குதா?"ன்னும் சேர்த்துக் கேளுங்க. உங்க வீட்ல ஜலதோஷத்துக்கு என்ன பேரு, சளியா, தடுமனா, நீர்க்கோர்வையா? ஊர் பேரோட கமெண்ட்ல எழுதுங்க, நான் எல்லாத்தையும் படிக்கிறேன்.