மூழ்கிய காரின் சாவியைத் திருப்பாதீர்கள்! பி.பி.எம்.என்.னும் சி.எம்.எம்.என்.னும் கைகோர்க்கும் இடம்

(திரையில்: மழை நீரில் பாதி மூழ்கிய கார்)

வணக்கம். வெள்ளம் வடிந்ததும் காரில் ஏறி, ஸ்டார்ட் ஆகிறதா என்று ஒரே ஒரு முறை சாவியைத் திருப்பினால் என்ன நடக்கும் தெரியுமா? காற்று அழுத்தத்துக்கு அடங்கும், தண்ணீர் அடங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது மேலே ஏறும் பிஸ்டனுக்கு வழியில்லை. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதைத்தான் ஹைட்ரோஸ்டேடிக் லாக் என்கிறார்கள். எஞ்சினோடு சேர்ந்து இன்ஷூரன்ஸ் கிளெய்மும் அந்த நொடியில் தடம் மாறுகிறது. "இது வெள்ளச் சேதம் அல்ல, வண்டியை இயக்கியதால் வந்த சேதம்" என்று சொல்லி, சாதாரண பாலிசியில் எஞ்சின் செலவைப் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் கவர் இருந்தால்தான் நம்பிக்கை. மழைக்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்துபவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஒரு சாவித் திருப்பலில் தடம் மாறும் இந்தக் கிளெய்மை எப்படிப் படமாக வரைவது? அதுதான் இன்றைய வீடியோ. அலுவலக வேலைகளைப் படமாக வரைய இரண்டு குறியீடுகள் இருக்கின்றன. வரிசை மாறாத செயல்முறைக்கு பி.பி.எம்.என். (Business Process Model and Notation). போகப்போக முடிவாகும் வேலைக்கு, அதாவது 'கேஸு'க்கு, சி.எம்.எம்.என். (Case Management Model and Notation).

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். பி.பி.எம்.என். 2.0, 2011இல் வந்தது; சி.எம்.எம்.என்., 2014இல் வந்தது. இரண்டையும் வெளியிட்டது ஓ.எம்.ஜி. (Object Management Group) என்ற தர நிர்ணய அமைப்பு.

(திரையில்: இடது பக்கம் அம்புகளும் பெட்டிகளும், வலது பக்கம் கோப்பு உறை வடிவம்)

பி.பி.எம்.என். படம் ஒரு வட்டத்தில் தொடங்கும். அம்பைப் பிடித்துக்கொண்டு பெட்டி பெட்டியாகப் போனால் தடித்த வட்டத்தில் முடியும். சி.எம்.எம்.என். படத்தில் ஒரு கோப்பு உறை இருக்கிறது. உள்ளே வேலைகள், கட்டங்கள், மைல்கற்கள். முதலில் இது, பிறகு அது என்று இழுத்துச் செல்லும் அம்புகள் கிடையாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டிசம்பர் மாதம், சென்னையில் ஒரு சபா, மாலைக் கச்சேரி. மேடையில் இரண்டு வகை சங்கீதம் நடக்கிறது. ஒன்று கல்பிதம்: வாக்கேயக்காரர், அதாவது பாடலை இயற்றியவர், அமைத்து வைத்த கிருதி. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற வரிசையில் பாடகர் கைவைக்க மாட்டார். இதுதான் பி.பி.எம்.என். மற்றொன்று மனோதர்மம்: ஆலாபனை (ராகத்தை விரித்துப் பாடுவது), நிரவல் (ஒரே வரியை விதவிதமாகப் பாடுவது), கற்பனை ஸ்வரம் (ஸரிகம ஸ்வரங்களை அங்கேயே கோத்துப் பாடுவது). எந்த வரியில் நிரவல், எவ்வளவு நேரம், இன்றைக்கு வேண்டுமா வேண்டாமா, எல்லாம் மேடையில்தான் முடிவாகும். இதுதான் சி.எம்.எம்.என்.

மனோதர்மம் என்றால் மனம் போன போக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ராகத்துக்கு ஒவ்வாத ஒரு ஸ்வரம் விழுந்தால் முன்வரிசை ரசிகர் தலையாட்டுவதை நிறுத்திவிடுவார். எத்தனை ஆவர்த்தனம் (தாளச் சுற்று) ஸ்வரம் பாடினாலும் எடுப்பில், அதாவது பாடல் வரி தொடங்கும் தாள இடத்தில், வந்து சேர்ந்தாக வேண்டும். சரி, தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியங்களின் தனி வாசிப்பு, எப்போது தொடங்குகிறது? பிரதான உருப்படியில் ஸ்வரம் பாடி முடித்து, பாடகர் மிருதங்க வித்வான் பக்கம் திரும்பும்போது. இதையே சி.எம்.எம்.என்.னில் சென்ட்ரி என்கிறார்கள்: ஒரு நிகழ்வு நடக்க வேண்டும், ஒரு நிபந்தனை பொருந்த வேண்டும், அப்போதுதான் அந்த வேலைக்குக் கதவு திறக்கும். வேலையின் விளிம்பில் சின்ன வெள்ளை வைரமாக அதை வரைகிறோம். பாடகர் விரும்பினால் மட்டும் வரும் நிரவலுக்குப் புள்ளிக்கோட்டு விளிம்பு. திரும்பத் திரும்ப வரக்கூடிய கற்பனை ஸ்வரத்துக்கு # குறி. எது விட்டுப்போனாலும் மங்களம் இல்லாமல் கச்சேரி முடியாது, அதற்கு ஆச்சரியக்குறி. கச்சேரிக்கென்றே செய்த குறியீடோ என்று தோன்றுகிறது அல்லவா!

இப்போது கவனியுங்கள். கச்சேரி என்ற நெகிழ்வான உறைக்குள் கிருதி என்ற கெட்டியான பொருள் உட்கார்ந்திருக்கிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய கச்சேரி முறை இன்றும் தாங்குவது இதனால்தான் என்பது என் கருத்து. இரண்டு குறியீடுகளும் சேர வேண்டிய முறையும் இதுவே: வெளியே கேஸ், உள்ளே செயல்முறை. சி.எம்.எம்.என்.னில் இதற்கென்றே 'பிராசஸ் டாஸ்க்' இருக்கிறது. அது ஒரு பி.பி.எம்.என். செயல்முறையை அழைத்து ஓடவிடும்.

(திரையில்: கிளெய்ம் கோப்பு)

நம் கிளெய்முக்கு வருவோம். பதிவு செய்தல், பாலிசி நடப்பில் இருக்கிறதா என்று பார்த்தல், சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை நியமித்தல், கடைசியில் பணம் அனுப்புதல்: இவை கிருதிகள். பி.பி.எம்.என்.னில் வரையுங்கள். இடையில் நடப்பதை யார் முன்கூட்டிச் சொல்ல முடியும்? பணிமனையில் எஞ்சினைப் பிரித்த பிறகுதான் தண்ணீர் எதுவரை போயிற்று என்று தெரியும். காய்ந்துவிட்டதாக நினைத்த ஒயரிங் சில நாள் கழித்துப் பச்சை பூத்து நிற்கும். மதிப்பீடு திருத்தப்படும், சர்வேயர் மறுபடி வருவார்.

அந்த மதிப்பீடு ஒவ்வொரு முறை மாறும்போதும் ஒரு கேள்வி எழுகிறது: பழுதுபார்க்கும் செலவு, ஐ.டி.வி. எனப்படும் காரின் அறிவிக்கப்பட்ட மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டதா? தாண்டினால் கார் முழு இழப்புக் கணக்கில் போய்விடும். இதை பி.பி.எம்.என்.னில் மட்டும் வரைபவர்கள் ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னும் ஒரு வைரம் (பி.பி.எம்.என்.னில் அது வழி பிரியும் இடம்), ஒரு திரும்பும் அம்பு என்று போட்டு, படத்தை நூல் சிக்கலாக்கிவிடுகிறார்கள். சி.எம்.எம்.என்.னில் பழுதுக் கட்டத்தின் விளிம்பில் ஒரு கறுப்பு வைரம், அது வெளியேறும் வழி. முழு இழப்புக் கட்டத்தின் விளிம்பில் ஒரு வெள்ளை வைரம், அது உள்ளே வரும் வழி. அவ்வளவுதான். மதிப்பீடு எந்த நாளில் எந்த வேலைக்கு நடுவில் மாறினாலும் இரண்டு வைரங்களும் விழித்துக்கொள்ளும்.

அதற்காகப் பணம் அனுப்புவதையும் சி.எம்.எம்.என்.னில் வரையாதீர்கள். அங்கே யாருடைய மனோதர்மத்துக்கும் இடம் இருக்கக் கூடாது. ஒப்புதல் இல்லாமல் பணம் போகவே கூடாது என்றால் அம்பு வரைவதுதான் நேர்மை. எல்லையை எங்கே போடுவது என்று குழப்பம் வந்தால், அடுத்த வேலை என்ன என்பதை யார் சொல்கிறார் என்று கேளுங்கள். படம் சொன்னால் செயல்முறை; கோப்பைக் கையில் வைத்திருப்பவர் சொன்னால் கேஸ்.

இரண்டையும் இணைக்கும் மூட்டில்தான் ஒழுகும். ஐ.டி.வி. தொகையைக் கேஸ் கோப்பில் ஒரு பிரதி, செயல்முறையில் ஒரு பிரதி என்று வைக்காதீர்கள். ஒன்று திருத்தப்படும், மற்றொன்று பழையதாகவே நிற்கும். செயல்முறை முடியும்வரை கேஸ் காத்திருக்க வேண்டுமா என்பதையும் பிராசஸ் டாஸ்க்கிலேயே குறிக்கலாம். வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி போகக் காத்திருக்க வேண்டாம். பணம் போய்ச் சேரக் காத்திருந்தே ஆக வேண்டும். வாடிக்கையாளர் கிளெய்மைத் திரும்பப் பெற்றால், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறை என்ன ஆகும் என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

வரைந்த படத்தை ஓட்டிக்காட்டும் மென்பொருள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. காமுண்டா 7 சி.எம்.எம்.என்.னை ஓட்டியது, காமுண்டா 8இல் அது இல்லை. ஃப்ளோவபிள் என்ற மென்பொருள் பி.பி.எம்.என்., சி.எம்.எம்.என். இரண்டையும் ஓட்டுகிறது. சின்ன கேஸ் என்றால் பி.பி.எம்.என்.னிலேயே உள்ள அட்-ஹாக் துணைச் செயல்முறை போதும்: அடியில் அலைக்குறி போட்ட பெட்டி, உள்ளே வேலைகளை எந்த வரிசையிலும் செய்யலாம். மைல்கல்லும் வைரக் காவலும் அதில் கிடைக்காது.

உங்கள் அலுவலகத்தில் அம்புகள் அதிகமாகி யாருக்கும் புரியாமல் போன படம் ஒன்று இருந்தால், அது எந்த வேலைக்கான படம் என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எது கிருதி, எது நிரவல் என்று அடுத்த வீடியோவில் பிரித்து வரைகிறேன். மறக்காமல் சேனலை சப்ஸ்கிரைப் செய்யுங்கள். வணக்கம்.