எல்லைக்கு இருபுறமும் ஒரே விண்ணப்பம்

வணக்கம், நேயர்களே. நாட்டு எல்லையின் இருபுறமும் உள்ள நகராட்சிகள், பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், தொண்டு அமைப்புகள் ஆகியவை கைகோத்துச் செய்யும் பணிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வழங்கும் பொதுநிதியைப் பற்றியும், அதற்கு விண்ணப்பிப்பவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைப் பற்றியும் இன்று பேச அழைக்கப்பட்டிருக்கிறேன்.

இந்த நிதி ஏற்பாட்டுக்கு இன்டர்ரெக் என்று பெயர். 1990இல் தொடங்கிய இது, 2021 முதல் 2027 வரையிலான ஆறாவது சுற்றில் இப்போது இருக்கிறது. இந்தச் சுற்றுக்கு ஐரோப்பிய வட்டார வளர்ச்சி நிதியத்திலிருந்து ஏறத்தாழ 800 கோடி யூரோ ஒதுக்கப்பட்டுள்ளது. ஒன்றியத்தின் நிலப்பரப்பில் சுமார் 40 விழுக்காடு எல்லையோரப் பகுதிகள் என்பதையும், அங்கே ஏறக்குறைய 15 கோடி மக்கள் வாழ்கிறார்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தால் இந்தத் தொகை அப்படியொன்றும் பெரிதில்லை. பலரும் நினைப்பதுபோல விண்ணப்பம் பிரஸ்ஸல்ஸில் உள்ள ஒன்றியத் தலைமையகத்துக்குப் போவதில்லை. ஒவ்வோர் எல்லைப் பகுதிக்கும் தனித் திட்டம் உண்டு; அதற்கென ஒரு நிர்வாக அதிகார அமைப்பும், விண்ணப்பதாரர்களுக்கு வழிகாட்டும் ஓர் இணைச் செயலகமும், எந்தப் பணிக்கு நிதி தருவது என்று முடிவெடுக்கும் ஒரு கண்காணிப்புக் குழுவும் இருக்கின்றன. ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து ஆகியவை சந்திக்கும் மேல் ரைன் ஆற்றுப் பகுதியில் ஏற்கப்படும் ஒரு கருத்து, பிரனீஸ் மலைப் பகுதித் திட்டத்தின் முன்னுரிமைகளில் இடம்பெறாமலே இருக்கலாம்.

நல்ல நோக்கம், திறமையான ஆட்கள், நேர்த்தியான வரவுசெலவுக் கணக்கு எல்லாம் இருந்தும் விண்ணப்பங்கள் தள்ளுபடியாவதற்கு நான் காணும் முதன்மையான காரணம், இந்தப் பணிக்கு எல்லைக்கு அப்பால் உள்ளவர் எதற்காகத் தேவை என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லாததுதான். ஆற்றின் இந்தக் கரையில் உள்ள நகராட்சி தன் பக்கத்தில் மிதிவண்டிப் பாதை போட விரும்புகிறது. அந்தக் கரையில் உள்ள நகராட்சியும் அதையே விரும்புகிறது. இரண்டையும் ஒரே படிவத்தில் எழுதி, நடுவில் இரண்டு கூட்டுக் கருத்தரங்குகளைச் செருகி அனுப்பிவிடுகிறார்கள். மதிப்பீட்டாளர் படிக்கும்போது அங்கே ஒரு கூட்டுப் பணியைக் காண்பதில்லை, அருகருகே நடக்கும் இரண்டு உள்ளூர்ப் பணிகளைத்தான் காண்கிறார். உள்ளூர்ப் பணிகளுக்கு அந்தந்த நாட்டிலேயே வேறு நிதி உண்டு என்பதால், அத்துடன் அந்த விண்ணப்பத்தின் கதை முடிந்துவிடுகிறது.

அந்தக் கேள்விக்கு விடை எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் செர்தான்யா மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே பிரனீஸ் மலையில் உள்ள செர்தான்யா என்ற உயர்நிலப் பள்ளத்தாக்கை நாட்டு எல்லை இரண்டாகப் பிரிக்கிறது. பிரெஞ்சுப் பகுதியில் வாழ்ந்த ஒருவருக்குப் பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மலைப்பாதையில் பெர்பின்யான் நகருக்குப் போக வேண்டியிருந்தது. பனிக்காலத்தில் அது எத்தகைய பயணம் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்பெயின் பகுதியிலோ, தனியொரு நவீன மருத்துவமனையைத் தாங்கும் அளவுக்கு மக்கள்தொகை இல்லை. இரு பகுதி மக்களையும் சேர்த்தால்தான் எண்ணிக்கை கட்டுப்படியாகும். ஆகவே எல்லைக்கு மிக அருகில் உள்ள புய்க்செர்தா என்ற ஸ்பானிய ஊரில் இரு நாட்டினருக்கும் பொதுவான மருத்துவமனை கட்டப்பட்டு, 2014இல் செயல்படத் தொடங்கியது. கட்டுமானச் செலவில் பெரும்பகுதியை ஐரோப்பிய வட்டார வளர்ச்சி நிதியம் ஏற்றது. கட்டடம் எழுந்த பிறகுதான் எல்லை தன் உண்மையான முகத்தைக் காட்டியது. பிரெஞ்சுப் பெற்றோருக்கு ஸ்பெயின் மண்ணில் பிறக்கும் குழந்தையின் பதிவு, அங்கே இறந்தவரின் உடலைச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சொந்த ஊருக்கு எடுத்துச் செல்வதற்கான சட்ட நடைமுறை, இரு நாட்டுக் காப்புறுதி அமைப்புகளுக்கிடையே கணக்குத் தீர்ப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. ஒரு பக்கத்தார் மட்டும் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் இவற்றைத் தீர்த்திருக்க முடியாது. விண்ணப்பம் எழுதுகிறவர் தேட வேண்டியது இத்தகைய சிக்கலைத்தான்.

எனவே, படிவத்தைத் திறப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். எல்லைக்கு அப்பால் உள்ள பங்காளரின் பெயரை அடித்துவிட்டு உங்கள் திட்டத்தைப் படியுங்கள். அப்போதும் அது சற்றே சிறிய அளவில் நடந்துவிடும் என்று தோன்றினால், அது இந்த நிதிக்கு உரிய திட்டம் அன்று.

சட்டமும் இதையே வேறு சொற்களில் கேட்கிறது. 2021ஆம் ஆண்டின் இன்டர்ரெக் ஒழுங்குவிதியின்படி, பங்காளர்கள் திட்டத்தைச் சேர்ந்து உருவாக்க வேண்டும், சேர்ந்து நிறைவேற்ற வேண்டும், அத்துடன் ஆள்பலத்திலோ நிதியிலோ இரண்டிலுமோ ஒத்துழைக்க வேண்டும். ஒருவர் முதன்மைப் பங்காளராகப் பொறுப்பேற்று, மற்றவர்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, நிதியைப் பெற்றுப் பிரித்துக் கொடுக்கிறார். கடைசி வாரத்தில் மின்னஞ்சல் அனுப்பி, பெயருக்கு ஒரு பங்காளரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அத்தகைய விண்ணப்பத்தில் ஒரு பங்காளரின் பணிகள் வினைச்சொற்களோடு இருக்கும். மற்றவருடையவை ‘ஆதரவளித்தல்’, ‘கலந்துகொள்ளுதல்’ என்று மட்டும் இருக்கும். படிப்பவருக்கு இது உடனே தெரிந்துவிடும். சுவிட்சர்லாந்துப் பங்காளர்களைச் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அவர்களுக்கு ஒன்றியத்தின் பணம் கிடைக்காது, கூட்டாட்சி அரசின் புதிய வட்டாரக் கொள்கை நிதியையோ மாநில நிதியையோ அவர்கள் தனியே நாட வேண்டும்.

இனி பணம். ஒன்றியத்தின் பங்கு பொதுவாக 80 விழுக்காடு வரைதான். பல திட்டங்களில் அதைவிடக் குறைவு. செலவுகளைக் கணக்கிடும் முறையை இப்போது வெகுவாக எளிமையாக்கியிருக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, ஊழியர் செலவு 100,000 யூரோ என்றால், அதில் 40 விழுக்காடு வரை மற்றெல்லாச் செலவுகளுக்குமாக ஒரே விகிதத்தில் ஏற்றுக்கொள்ளும் வழி உண்டு. அந்தச் செலவுகளுக்கு ஒவ்வொரு பற்றுச்சீட்டாகக் காட்டத் தேவையில்லை. மொத்தம் 140,000 யூரோ. 80 விழுக்காடு கிடைத்தால் 112,000 யூரோ நிதியத்திலிருந்து வரும். 28,000 யூரோவைப் பங்காளர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கருவிகளும் வெளியாரின் சேவைகளும் அதிகம் தேவைப்படும் பணிக்கு இந்த வழி பொருந்தாது. அதற்கு வேறு விகிதங்கள் உள்ளன; எவை அனுமதிக்கப்படும் என்பதை அந்தந்தத் திட்டத்தின் கையேடு சொல்லும்.

இந்தச் சொந்தப் பங்கைக்கூட எப்படியோ திரட்டிவிடுகிறார்கள். சிறிய அமைப்புகளைத் திணறடிப்பது பணம் வந்து சேரும் காலம்தான். பெரும்பாலும் முதலில் நீங்கள் செலவழிக்க வேண்டும். பிறகுதான் திருப்பித் தருவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை என்று வைத்துக்கொண்டால், ஜனவரியில் கொடுத்த சம்பளம் ஜூலையில்தான் அறிக்கையில் ஏறும். உங்கள் நாட்டுக் கணக்குச் சரிபார்ப்பாளருக்கு மூன்று மாதம் வரை அவகாசம் உண்டு. எல்லாப் பங்காளர்களின் சான்றுகளும் வந்த பின் முதன்மைப் பங்காளர் கோரிக்கை வைக்கிறார். அதற்குப் பணம் தர நிர்வாக அமைப்புக்கு 80 நாள் வரை அனுமதி உள்ளது. கூட்டிப் பார்த்தால், ஜனவரியில் கைவிட்டுப் போன பணம் அடுத்த ஜனவரியில் திரும்பலாம். அதற்குள் இரண்டாவது ஆறு மாதச் சம்பளமும் கொடுத்து முடிந்திருக்கும். ஆகவே விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன், ஓராண்டுச் செலவைத் தாங்கக் கையிருப்போ வங்கிக் கடனோ நகராட்சியின் முன்பணமோ உண்டா என்று உங்கள் பொருளாளரைக் கேளுங்கள். திட்டத்தின் கருத்தைப் பற்றி இயக்குநர் குழுவில் மணிக்கணக்காக விவாதிப்பவர்கள், இந்த ஒரு கேள்விக்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை.

பெரிய திட்டத்துக்கு ஆள்பலம் இல்லாத சங்கங்களும் பண்பாட்டு அமைப்புகளும் சிறு திட்ட நிதியை நாடலாம். ஒழுங்குவிதியே இதற்கு இடம் தருவதால் பல எல்லைப் பகுதிகளில் இது இயங்குகிறது. பொதுநிதி 100,000 யூரோவைத் தாண்டாத சிறு திட்டங்களுக்கு எளிமையான கணக்கு முறையே பின்பற்றப்படுகிறது. புலம்பெயர்ந்த நம் அமைப்புகளில் சில எல்லைக்கு இருபுறமும் உறுப்பினர்களை வைத்துக்கொண்டே இந்த வாயிலைத் தட்டாமல் இருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. இங்கும் உறவினர் அப்பால் இருக்கிறார் என்பது போதாது. அப்பால் பதிவுபெற்ற ஓர் அமைப்பு இருக்க வேண்டும்.

படிவம் எழுதுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சில திட்டங்களில் விண்ணப்பம் இரு மொழிகளில் தேவை. மேல் ரைன் பகுதியில் ஜெர்மனும் பிரெஞ்சும். மொழிபெயர்ப்பைக் கடைசி இரவுக்குத் தள்ளிவைத்தால் இரண்டு வடிவங்களும் இரண்டு வெவ்வேறு திட்டங்களைச் சொல்லும். கூலிக்கு எழுதித் தரும் ஆலோசகர்கள் பலர் உண்டு. நடையைச் செப்பனிட அவர்கள் உதவலாம், ஆனால் பங்காளர்களுக்குள் எது இன்னும் முடிவாகவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. திட்டத்தின் பலனை அளக்கும் அளவுகோல்களுக்கான எண்களை அடக்கமாகவே கொடுங்கள். படிவத்தில் எழுதும் எண்ணுக்கு அறிக்கையில் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே முழுமையாக நடந்து முடிந்துவிட்ட பணிக்கு நிதி கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம்.

கண்காணிப்புக் குழுவின் விடை, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் வருவதில்லை. நிபந்தனைகளுடன் ஒப்புதல் என்பது அடிக்கடி நடப்பது: இந்தச் செலவைக் குறையுங்கள், அந்தப் பங்காளரின் பணியை விளக்குங்கள் என்பார்கள். அந்தக் கடிதத்துக்குப் பங்காளர்கள் கூடி ஒரே குரலில் பதில் எழுத வேண்டும். முதன்மைப் பங்காளர் மட்டும் அவசரமாக ஒத்துக்கொண்ட குறைப்பு, பிறகு மற்றவரின் ஊழியர் ஒருவரின் வேலையைக் காவு வாங்கும். ஒப்பந்தம் கையெழுத்தானதும் கோப்புகளுக்கு ஒரு பொறுப்பாளரை நியமித்துவிடுங்கள். கடைசித் தொகை கிடைத்த ஆண்டின் டிசம்பர் 31இலிருந்து ஐந்து ஆண்டுகள் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். தணிக்கையாளர் வந்து கேட்கும் நாளில், திட்டத்துக்காக வேலைக்கு எடுத்த எவரும் அநேகமாக அந்த அலுவலகத்தில் இருக்கமாட்டார்கள்.

நன்றி. வணக்கம்.