மாலை ஆறு மணி, கணக்கு உதவி அறை

வணக்கம். கல்வியைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். நம் வீடுகளில் கல்வி என்று ஆரம்பித்தால் பேச்சு நேராக பெர்க்லிக்கும் ஸ்டான்ஃபோர்டுக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் பேசப்போவது ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தின் ஒரு அலகுக்கு, 46 டாலர் மட்டும் வாங்குகிற, பதினெட்டு வயதானவர் யார் வந்தாலும் உள்ளே விடுகிற கம்யூனிட்டி காலேஜ் என்கிற இரண்டு வருட அரசுக் கல்லூரி பற்றி. கூப்பர்டினோவில் இருப்பவர்களுக்கு டி ஆன்சாவும் ஃப்ரீமாண்ட்காரர்களுக்கு ஒலோனியும் தெரிந்திருக்கும். கலிஃபோர்னியாவில் இப்படி 116 கல்லூரிகள் இருக்கின்றன. அமெரிக்காவிலேயே பெரிய உயர்கல்வி அமைப்பு இதுதான்.

இப்படிப்பட்ட ஒரு கல்லூரியில் கணக்கு டியூட்டராகச் சேர்ந்து, அப்புறம் பகுதிநேர ஆசிரியராகி, பதினேழு வருடம் ஓடிவிட்டது. இதில் பாதிக்கு மேல் வகுப்பறையில் கழிந்ததில்லை. நூலகத்தை ஒட்டி, ஆறு வட்ட மேசையும் ஒரு வெள்ளைப் பலகையும் இருக்கிற கணக்கு உதவி அறையில்தான் கழிந்தது. அந்த அறையையும் அதைப் போன்ற மற்ற உதவிகளையும் குறைக்கக் கூடாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு மாணவரைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். வயது முப்பத்தேழு. வீடுகளுக்கு உள்சுவர்ப் பலகை அடிக்கிற வேலை, இங்கே டிரைவால் என்று சொல்வார்களே, அது. முதுகு போய்விட்டது, இனி பலகை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டட ஆய்வாளராகப் போகலாம் என்று கல்லூரியில் சேர்ந்தார். பட்டத்துக்குக் கல்லூரித் தரக் கணக்கு ஒன்று கட்டாயம், அதனால் புள்ளியியல் வகுப்பில் போட்டிருந்தார்கள். பள்ளி முடித்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சட்டைக் கை மடிப்பில் வெள்ளைத் தூளோடு வந்து உட்கார்ந்து, "எனக்குப் பின்னமே வராது, இதில் நான் எதற்கு இருக்கிறேன்?" என்று கேட்டார்.

அவர் தாளில் 5/8 + 3/4 = 8/12 என்று இருந்தது. மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டிவிட்டார். பெரும்பாலானவர்கள் செய்கிற தப்பு இதுதான். நான் அந்தத் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, முக்கால் அங்குல மரப்பலகை மேல் ஐந்து பை எட்டு அங்குல டிரைவால் பலகை வைத்தால் மொத்தக் கனம் எவ்வளவு என்று கேட்டேன். "ஒன்று, மூன்று பை எட்டு" என்றார். யோசிக்கவே இல்லை. இருபது வருடமாக இடுப்பில் அளவு நாடா கட்டியிருக்கிற மனிதர், அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்துப் பார்க்கிற கண் அது. அப்புறம் தாளைத் திருப்பி அந்த 8/12-ஐக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "ரெண்டு பலகையை ஒட்டினால் ஒரு பலகையை விட மெல்லிசாகப் போகுமா?" என்று சிரித்துக்கொண்டே, அவரே அழித்துவிட்டு எட்டில் எழுத ஆரம்பித்தார்.

இதற்கு எனக்கு இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடம் புள்ளியியல் வகுப்பில் கிடைக்காது. அங்கே முப்பத்தைந்து பேருக்கு ஒரு ஆசிரியர், அன்றைக்கு முடிக்க வேண்டிய பாடமோ 'மாதிரி விகிதத்தின் திட்டப் பிழை', அதாவது சிலரை மட்டும் கேட்டு எடுத்த விகிதம் எவ்வளவு விலகலாம் என்ற கணக்கு. அதைக் கணக்கிடப் பின்னமும் வேண்டும், வர்க்கமூலமும் வேண்டும், எதை முதலில் செய்வது என்கிற ஒழுங்கும் வேண்டும். ஆசிரியர் நல்லவராகவே இருந்தாலும் அந்த நேரத்தில் நின்று 5/8-க்குத் திரும்பிப் போக முடியாது.

சரி, அப்படியானால் பள்ளிக் கணக்கையே மறுபடி நடத்துகிற பழைய ரெமிடியல் வகுப்புகளைத் திரும்பக் கொண்டுவா என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. பழைய முறையை நான் உள்ளே இருந்து பார்த்தவள், அது பலரை முடக்கிப் போட்டது. சேர்ந்த அன்றைக்கே கணினி முன்னால், எந்த வகுப்பில் போடுவது என்று பார்க்கிற ஒரு பிளேஸ்மென்ட் டெஸ்ட், தயாரிப்பு எதுவும் இல்லாமல். அதில் விழுந்தால் எண்கணிதம், அப்புறம் முன் இயற்கணிதம், அப்புறம் தொடக்க இயற்கணிதம், அப்புறம் இடைநிலை இயற்கணிதம், இவ்வளவும் முடித்த பிறகுதான் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்கிற வகுப்பு. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எழுபது பேர் தேறுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் கூட முதல் படியில் எழுபது, அடுத்து நாற்பத்தொன்பது, அப்புறம் முப்பத்து நான்கு, நாலாவதில் இருபத்து நான்கு. இது தேறியவர்கள் எல்லோரும் அடுத்த வகுப்பில் தவறாமல் சேர்ந்தால். வாழ்க்கை அப்படி விடுமா, நடுவில் குழந்தை பிறக்கும், வேலை மாறும், கார் நின்றுவிடும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மையம் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ரெமிடியல் வரிசைக்கு அனுப்பப்பட்டவர்களில் பாதிப் பேர் கூட அதை முடிக்கவில்லை, பலர் முதல் வகுப்பிலேயே சேரவில்லை என்று தெரிந்தது. நேராகப் பெரிய வகுப்பில் போட்டிருந்தாலே தேறியிருக்கக் கூடியவர்களையும் அந்தத் தேர்வு கீழே தள்ளியிருந்தது. அதில் அதிகம் மாட்டிக்கொண்டவர்கள் கறுப்பின மாணவர்களும் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளும்.

ஆகவே 2017-ல் ஏபி 705 என்ற சட்டம் வந்தபோது நான் மகிழ்ந்தேன், இன்றைக்கும் அதை எதிர்க்கவில்லை. தேர்வை வைத்துக் கீழே தள்ளாதே, பள்ளி மதிப்பெண்ணைப் பார், ஒரு வருடத்துக்குள் கல்லூரித் தரக் கணக்கையும் ஆங்கிலத்தையும் முடிக்கிற வாய்ப்பு எந்த வழியில் அதிகமோ அந்த வழியில் போடு என்றது சட்டம். 2019 இலையுதிர் பருவத்தில் எல்லாக் கல்லூரிகளும் மாற வேண்டியிருந்தது, 2022-ல் ஏபி 1705 வந்து அதை இன்னும் இறுக்கியது. முன்பை விட எத்தனையோ பேர் முதல் வருடத்திலேயே அந்தக் கணக்கு வகுப்பை முடிக்கிறார்கள். இதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். சட்டம் நீளமான வரிசையை வெட்டச் சொன்னதே தவிர, உதவியை வெட்டச் சொல்லவில்லை. தேவைப்படுகிறவர்களுக்குக் கூடவே துணை வகுப்பு வையுங்கள் என்றுதான் இருக்கிறது. கோரிக்விசிட் என்பார்கள். புள்ளியியல் வகுப்போடு சேர்த்து வாரத்துக்கு இரண்டு மணி நேரம், அதே ஆசிரியர், அன்றைய பாடத்துக்கு என்ன அடிப்படை வேண்டுமோ அதை மட்டும், அன்றைக்கே. டிரைவால் அண்ணன் சேர்ந்தது அப்படிப்பட்ட வகுப்பில்தான். ஆனால் இந்தத் துணை வகுப்புக்குப் பணம் வேண்டும், ஆசிரியர் வேண்டும், சின்ன வகுப்பாக இருக்க வேண்டும். பட்ஜெட் இடிக்கிறபோது ரெமிடியல்தான் போய்விட்டதே, இனி உதவி எதற்கு என்று ஒரு பேச்சு மெல்ல எழுகிறது. நான் வேலை செய்கிற கல்லூரியில் உதவி அறை முன்பு இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். இப்போது ஐந்து மணிக்குப் பூட்டுகிறோம். பகலில் பலகை அடித்துவிட்டு ஆறு மணிக்கு வருகிறவர் பூட்டைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். மாலைத் துணை வகுப்பு ஒன்றும், போதுமான பேர் சேரவில்லை என்று, பருவம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு ரத்தானது. சேர்ந்திருந்த பதினோரு பேருக்கும் மின்னஞ்சல் போயிற்று. அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

தவறினால் என்ன, திரும்ப எடுத்தால் போகிறது என்று நினைப்பது சுலபம். கலிஃபோர்னியாவில் ஒரே வகுப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்க விடமாட்டார்கள், அதற்கு ஒரு வரம்பு உண்டு. இரண்டு தடவை தவறினால் சராசரி மதிப்பெண் சரிகிறது. எடுத்த யூனிட்டுகளில் மூன்றில் இரண்டு பங்கையாவது தேறவில்லை என்றால் உதவித்தொகைக்கும் ஆபத்து. உதவித்தொகை நின்றால் வாடகை, வாடகை போனால் படிப்பு. ஒரு துணை வகுப்பு இரண்டு யூனிட், 92 டாலர், அதையும் பலருக்குத் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். இந்தச் சின்னத் தொகையைச் சேமிக்கப்போய் ஒரு ஆளையே இழக்கிறோம்.

உதவி பலன் தருமா என்ற கேள்விக்கு நியூயார்க்கில் பதில் இருக்கிறது. அங்கே நகரப் பல்கலைக்கழகம் 2007-ல் ஏசாப் என்று ஒரு திட்டம் தொடங்கியது. முழுநேரம் படிக்க வேண்டும், அதற்குப் பதிலாகக் கல்லூரி என்ன தரும் என்றால், அடிக்கடி சந்திக்கிற ஒரு ஆலோசகர், அவருக்குக் கீழே மாணவர் கூட்டம் குறைவு. டியூட்டர். பாடப்புத்தகம். கட்டணத்தில் துண்டு விழுந்தால் அதை நிரப்புதல். அப்புறம் மாதா மாதம் சப்வேயில் போக, அப்போது இருந்த மெட்ரோகார்டு என்ற பயண அட்டை. இந்த மெட்ரோகார்டைப் பற்றிக் கேள்விப்பட்டபோதுதான் இதை வடிவமைத்தவர்களுக்கு மாணவர்களைத் தெரியும் என்று எனக்குப் பட்டது. காலையில் வண்டிச் செலவுக்குப் பணம் இல்லாமல் வகுப்பைத் தவறவிடுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன், அவர்கள் அதை வாயால் சொல்ல மாட்டார்கள். ரெமிடியல் தேவைப்பட்ட மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் மூன்று வருடம் கவனித்தது. வழக்கமான குழுவில் 22 சதவீதம் பேர் பட்டம் வாங்கினார்கள், இந்தத் திட்டத்தில் 40 சதவீதம். தலைக்கு ஆகிற செலவு கூடியது உண்மை. ஆனால் பட்டம் வாங்கியவர் ஒருவருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் செலவு குறைந்திருந்தது. ஓஹையோவில் மூன்று கல்லூரிகள் இதையே செய்து பார்த்தன, அங்கேயும் பட்டம் வாங்குகிறவர்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானார்கள்.

நம் மாநிலத்துக்கு இது புதுசும் இல்லை. 1969-லேயே ஈஓபிஎஸ் என்ற திட்டத்தைச் சட்டமாகவே போட்டுவிட்டார்கள். குறைந்த வருமானமும் படிப்பில் பின்தங்கலும் இருக்கிற மாணவருக்குப் புத்தக உதவி, ஒரு பருவத்துக்கு மூன்று முறையாவது உதவிக் குழுவைச் சந்திக்கும் கட்டாயம். மாணவர் வராவிட்டால் இவர்கள் கூப்பிடுவார்கள், எனக்கு இதில் பிடித்தது அதுதான். 1981-ல் ஹேவார்டின் ஷாபோ கல்லூரியில் தொடங்கிய, மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போக உதவுகிற புவென்டே திட்டம் இன்றும் பல கல்லூரிகளில் நடக்கிறது. ஆக, எப்படிச் செய்வது என்று தெரியாத விஷயம் இல்லை இது.

பள்ளியில் கற்றுத் தந்திருக்க வேண்டியதற்கு வரிப்பணத்தில் இரண்டாம் தடவை செலவழிப்பதா என்று ஒரு கேள்வி வரும், நம் ஆட்களிடமிருந்தும் வருகிறது. போன தீபாவளிக்கு ஒரு வீட்டில் என்னிடமே கேட்டார்கள். முதல் தடவை செலவழித்த பள்ளி எது, அங்கே கணக்கு ஆசிரியர் இருந்தாரா, அந்தப் பையன் பதினோராம் வகுப்பில் இரவு வேலைக்குப் போனானா, இதெல்லாம் தெரியாமல் தீர்ப்புச் சொல்ல முடியுமா? நம் பெண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் வேலைக்காக வந்து, பத்து வருடம் பிள்ளைகளை வளர்த்துவிட்டு, நர்சிங் படிக்கலாம், கணக்குப்பதிவு படிக்கலாம் என்று நாற்பது வயதில் கம்யூனிட்டி காலேஜ் வாசலில் நிற்கிற அக்காமார் எத்தனை பேர் இந்தப் பகுதியில். ஊரில் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவர்கள்தான், ஆனால் இருபது வருட இடைவெளிக்கு அப்புறம் சமன்பாட்டைப் பார்த்தால் கை நடுங்குகிறது. அந்த வட்ட மேசையில் நான் அவர்களோடும் உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் மெதுவாகத் தமிழில், "மேடம், என்னை முட்டாள்னு நினைச்சுக்காதீங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது, அல்லது உங்கள் பிள்ளை, வரும் பருவத்தில் சேர்கிறீர்கள் என்றால் மூன்று விஷயம் செய்யுங்கள். புள்ளியியலோ இயற்கணிதமோ பதிவு செய்யும்போது துணை வகுப்போடு சேர்ந்த பிரிவு எது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள், அவராகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். ஈஓபிஎஸ் படிவத்தைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். உதவி அறைக்கு முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்த பிறகு வராதீர்கள், முதல் வாரமே வாருங்கள்.

படிக்கிறவர்கள் வீட்டில் யாரும் இல்லாதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கம்யூனிட்டி காலேஜ் மாவட்ட அறங்காவலர்களை நாம்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம், வாக்குச் சீட்டில் இருக்கிற அந்தப் பெயர்கள்தான். அவர்கள் கூட்டத்தில் பொதுமக்கள் எழுந்து பேசலாம். எங்கள் கல்லூரிக் கூட்டம் வரும்போது நான் போகப் போகிறேன், மூன்று நிமிடம் தருவார்கள். ஐந்து மணிக்குப் பூட்டுகிற அறையை ஒன்பது வரை திறந்து வைக்கக் கேட்கப் போகிறேன். டிரைவால் அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். புள்ளியியலில் பி வாங்கி, படிப்பை முடித்து, இப்போது ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கும் மூன்று நிமிடம் உண்டு.

நன்றி, வணக்கம்.